பெரிய காலிபர் வேட்டை ரைஃபிள்: தனியாகச் செய்யச் சொல்லுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் காட்டெருமை, யானை போன்ற பெரிய விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாடுவதற்காகத் தமக்கென்று ஒரு ரைஃபிளைத் துப்பாக்கி செய்பவரிடம் சொல்லிச் செய்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் ஒரே விதமான சந்தேகங்களையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். குழல் வழியாக வெளியே பறப்பதைக் குண்டு என்றும், அதன் விட்டத்தைக் காலிபர் என்றும், உறை, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுமையைத் தோட்டா என்றும் இங்கே எழுதியுள்ளேன். எடைகள் கிரெயினிலும் (ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெயின்) வேகங்கள் நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கிலும் உள்ளன. தோட்டா நிறுவனங்களின் அட்டவணைகள் அப்படித்தான் இருக்கின்றன.

பெரிய காலிபர் என்று எதிலிருந்து சொல்லத் தொடங்குகிறோம்?

நடைமுறையில் .375 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டிலிருந்துதான். சிலர் .40 அங்குலத்துக்குக் கீழே உள்ளவற்றை நடுத்தரக் காலிபர் என்பார்கள். அந்த வாதம் தேர்வுக்கு உதவுவதில்லை.

தோட்டாவின் பெயரில் வரும் எண்ணை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. .404 ஜெஃப்ரியின் குண்டு உண்மையில் .423 அங்குலம்; .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு ஏறத்தாழ .475 அங்குலம். குழலுக்குச் சொல்லும்போது தோட்டாவின் முழுப் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும்; "ஒரு நானூற்றுப் பதினாறு" என்று மட்டும் சொன்னால், ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று நான்கு தோட்டாக்களில் எது என்பது துப்பாக்கி செய்பவருக்குத் தெரியாது.

வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய ரைஃபிள்தான் செய்யப்போகிறேன். ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். 1912இல் வந்த இந்தத் தோட்டா 300 கிரெயின் குண்டை நொடிக்குச் சுமார் 2,530 அடி வேகத்தில் செலுத்துகிறது. காட்டெருமைக்குப் போதுமான ஆழம் ஊடுருவும். 200 கெஜத்தில் குண்டு குறியிலேயே விழும்படி ஜீரோ செய்தால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் அளவுக்கே மேலே போகும் என்பதால் மான் வகைகளுக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். வேட்டை அனுமதி உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வேறெந்தப் பெரிய தோட்டாவையும்விட இது எளிதாகக் கிடைக்கிறது.

யானையையோ எருமையையோ மட்டுமே மனத்தில் வைத்து, பெரும்பாலும் அடர்ந்த புதருக்குள்தான் வேட்டை என்றால் .416 வகைகளுக்குப் போகலாம். அதற்கும் மேலே போக வேண்டியவர்கள் மிகக் குறைவு. இந்தப் பதிலை ஏற்றுக்கொள்பவர்களுக்கும் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி, பூட்டி, வெளியேற்றும் இயங்கு பகுதி), கட்டை (ரைஃபிளின் மரப் பகுதி), எடை பற்றிய கேள்விகள் கீழே பயன்படும்.

9.3×62 வைத்து எருமை சுட்டிருக்கிறார்களே, அது போதாதா?

சுட்டிருக்கிறார்கள், விழவும் வைத்திருக்கிறார்கள். பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ பாக் 1905இல் வடிவமைத்த இந்தத் தோட்டா, சாதாரண மவுசர் (ஜெர்மன் ராணுவ ரைஃபிள்) ஆக்‌ஷனில் உலோகத்தை வெட்டாமலே பொருந்தும்படி அமைந்தது; ஆப்பிரிக்கக் குடியேறிகளிடம் பரவியதற்கு அதுவும் முக்கியக் காரணம். 286 கிரெயின் குண்டு, 2,360 அடி வேகம், மிதமான உதை என்று எல்லாமே நியாயமாக இருக்கின்றன.

தடையாக இருப்பது சட்டம். எடுத்துக்காட்டாக, ஜிம்பாப்வே யானைக்கும் எருமைக்கும் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் கேட்கிறது. 9.3×62 விட்டத்தில் தேறிவிடுகிறது. ஆனால் மேலே சொன்ன வழக்கமான தோட்டாவின் ஆற்றல் 4.8 கிலோஜூல் அளவிலேயே நிற்கிறது. .375 ஹாலண்ட் 5.7 கிலோஜூலைத் தாண்டுகிறது. நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுவதால், குழலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வேட்டையை நடத்தித் தருபவரிடம் நடப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெல் ஏழு மில்லிமீட்டர் ரைஃபிளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்கிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பெரிய காலிபர்?

டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பலவற்றை .275 ரிக்பி என்று பெயரிடப்பட்ட 7×57 தோட்டாவால்தான் வீழ்த்தினார் என்பது உண்மை. அவர் மூளையைக் குறிவைத்தார். யானை மண்டையோட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்பதை மண்டையை அறுத்தே பார்த்துத் தெரிந்துகொண்டார். முழுவதும் உலோகத்தால் மூடப்பட்ட, வளையாத குண்டுகளைப் பயன்படுத்தினார். துப்பாக்கிச் சத்தத்துக்கு அதிகம் பழகாத யானைகளைத் தமக்கு வசதியான கோணம் கிடைக்கும்வரை காத்திருந்து சுட்டார். கோணம் சரியில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த யானைக்குப் போகவும் அவரால் முடிந்தது.

பெரிய காலிபர் கேட்பவர் பத்து நாள் உரிமத்தோடு வருபவர். அவருக்குக் கிடைக்கும் கோணம் சாய்வானதாக இருக்கலாம்; தோள் எலும்பைக் கடந்து மார்புக்குள் போக வேண்டியிருக்கலாம்; காயம்பட்ட விலங்கு அவரை நோக்கி ஓடி வரலாம். பெல்லின் கதை குறிபார்க்கும் திறமையின் அருமையைத்தான் காட்டுகிறது. சிறிய குண்டு போதும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோரிடம் பெல்லின் உடற்கூற்று அறிவும் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அட்டவணையில் அடி-பவுண்டு அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்துவிடாதா?

முடியாது. அடி-பவுண்டில் சொல்லப்படும் ஆற்றல் கணக்கில் வேகம் இருமடியாகப் பெருக்கப்படுவதால், இலேசான குண்டை வேகமாகத் தள்ளும் தோட்டா தாளில் பெரிதாகத் தெரியும். கனத்த விலங்குக்குள் குண்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேராகப் போகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அதற்குக் குண்டின் எடைக்கும் விட்டத்தின் இருமடிக்கும் உள்ள விகிதமான குறுக்குவெட்டு அடர்த்தி ஓரளவு வழிகாட்டும்: .375இல் 300 கிரெயின் குண்டுக்கு .305, .416இல் 400 கிரெயினுக்கு .330, .458இல் 500 கிரெயினுக்கு .341. பெரிய விலங்குகளுக்கு .300க்குக் கீழே இறங்காமல் இருப்பது பழைய வழக்கம்.

குண்டின் அமைப்பு அதைவிட முக்கியம். முழுவதும் செம்பாலான விரியும் குண்டுகள் எடையை இழக்காமல் போவதால், குறைந்த எடையிலும் பழைய ஈயக் குண்டுகளைவிட ஆழமாகச் செல்கின்றன. விரியாத திடக்குண்டுகளில் உருண்டை முனையைவிடத் தட்டை முனை கொண்டவை உடலுக்குள் திசை மாறாமல் நேராகப் போகின்றன. நல்ல குண்டு போட்ட .375, மட்டமான குண்டு போட்ட .458ஐ மிஞ்சும். ஆகவே காலிபரை முடிவு செய்யும்போதே, எந்தக் குண்டு அந்த விட்டத்தில் கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். .423 அங்குலத்தில் தேர்வுகள் குறைவு; .375, .416, .458 மூன்றிலும் ஏராளம்.

உதை எவ்வளவு இருக்கும்? தாங்கிக்கொள்ள முடியுமா?

எட்டுப் பவுண்டு எடையுள்ள .30-06 ரைஃபிளின் உதை 20 அடி-பவுண்டை ஒட்டி இருக்கும். ஒன்பதரைப் பவுண்டு .375 ஹாலண்ட் அதைப் போல இரு மடங்கு, அதாவது 40. பத்தரைப் பவுண்டு .416 ரிக்பி 60ஐத் தொடும், அதே எடையில் .458 லாட் 70. கணக்கில் பயன்படுத்தும் மருந்தின் அளவைப் பொறுத்து இவை கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஆனால் விகிதம் மாறாது.

தாங்க முடியுமா என்பதற்கு ஒரு முறை சுட்டுப் பார்த்துச் சொல்லும் விடை பயனற்றது. ஒரு குண்டை யாரும் தாங்குவார்கள். பத்தாவது குண்டைச் சுடும்போது விசையை இழுக்குமுன் கண் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று சுடுபவருக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவர் போட்டுக் கொடுக்கட்டும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை வெறுமையாக இருக்க விசை விழும்போது குழல் முனை கீழே குத்தினால், அந்தக் காலிபர் உங்களுக்கு இன்னும் பெரியது. குழல் அறுக்கப்படுவதற்கு முன்பே, இரவல் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மேசையில் அமர்ந்து சுடாமல் நின்றுகொண்டு சுட்டுப் பாருங்கள். நிற்கும் உடல் பின்னால் அசைந்து கொடுப்பதால் உதை குறைவாகத் தெரியும், காட்டில் நீங்கள் சுடுவதும் பெரும்பாலும் நின்றபடிதான்.

.416 என்று முடிவு செய்துவிட்டேன். ரிக்பியா, ரெமிங்டனா, ரூகரா?

மூன்றும் 400 கிரெயின் குண்டை ஏறத்தாழ ஒரே 2,400 அடி வேகத்தில்தான் செலுத்துகின்றன. சுடப்பட்ட எருமைக்கு வித்தியாசம் தெரியாது. துப்பாக்கி செய்பவருக்குத் தெரியும். 1911இல் வந்த ரிக்பியின் உறை மிகப் பெரியது, அடிப்பகுதி .590 அங்குலம். அக்காலத்துக் கார்டைட் வெடிமருந்து வெப்பத்துக்கு அழுத்தம் ஏறும் தன்மை கொண்டது என்பதால், உறைக்குள் இடம் தாராளமாக வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். கடும் வெயிலிலும் சுட்ட உறை அறையில் சிக்காமல் வெளியே வரும். இதற்கு அகலமான போல்ட் முகமும் (போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) நீளமான மேகசினும் (தோட்டாக்கள் அடுக்கப்படும் பெட்டி) கொண்ட, விலை உயர்ந்த ஆக்‌ஷன் தேவை.

1980களின் இறுதியில் வந்த ரெமிங்டன் .375 ஹாலண்டின் நீளத்திலேயே, அதே .532 அங்குல அடிப்பகுதியோடு அதே வேலையைச் செய்கிறது. அழுத்தம் கணிசமாக அதிகம். வெப்பத்தில் இது சிக்கும் என்ற பழைய பயத்துக்கு, வெப்பநிலையால் அதிகம் மாறாத இன்றைய மருந்துகள் வந்த பிறகு வலு குறைந்துவிட்டது. 2008இல் வந்த ரூகர் இன்னும் குட்டையானது; .30-06 நீள ஆக்‌ஷனிலேயே அடங்கும், உறையின் அடியைச் சுற்றிய பட்டையும் இல்லை. கையில் இருக்கும் ஆக்‌ஷன் எதற்குப் பொருந்துகிறதோ அதுவே சரியான விடை என்பது என் எண்ணம். புதிதாக எல்லாவற்றையும் வாங்குவதாகவும் பணம் தடையில்லை என்றும் வைத்துக்கொண்டால் நான் ரிக்பியைத்தான் சொல்வேன். அதன் சாய்வான உறை மேகசினிலிருந்து அறைக்குள் வழுக்கிச் செல்வதைக் கையால் உணர்ந்தவர்கள் வேறு காரணம் கேட்பதில்லை.

என்னிடம் பழைய மவுசர் 98 ஆக்‌ஷன் ஒன்று இருக்கிறது. அதில் .375 ஹாலண்ட் செய்யலாமா?

செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆக்‌ஷன் 8×57 தோட்டாவுக்காகப் பிறந்தது. அதன் மேகசின் 3.3 அங்குலத்தை ஒட்டியது. .375 ஹாலண்ட் தோட்டா 3.6 அங்குலம். இடைவெளியைச் சரிக்கட்ட முன்பக்கம் உலோகத்தைச் சுரண்டினால், அந்தச் சுரண்டல் போல்ட்டின் கீழ்ப்பூட்டு வந்து தாங்கும் சுவருக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே இரும்பு மெலிவது நல்லதல்ல. செருப்புக்காகக் காலை வெட்டும் வேலை இது.

அந்த ஆக்‌ஷனை விட மனமில்லை என்றால், மூன்று வழிகள் உண்டு: வெட்டாமலே பொருந்தும் 9.3×62, அல்லது போல்ட் முகத்தை .532க்குத் திறந்து .375 ரூகர், அல்லது அதே முறையில் .458 வின்செஸ்டர். முதலாவதற்குள்ள சட்டச் சிக்கல் மேலே இருக்கிறது, கடைசிக்கு அடுத்த பதிலைப் பார்க்கவும். .375 ரூகர் 300 கிரெயின் குண்டை 2,600 அடிக்கு மேல் தள்ளுவதால் ஹாலண்டைவிடக் குறைவில்லை; தொலைவான ஊரில் தோட்டா கிடைப்பதில்தான் ஹாலண்டுக்கு ஈடாகாது. எந்த வழியானாலும், ராணுவ ஆக்‌ஷனின் இரும்பு கடினத்தன்மையைச் சோதித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

.458 வின்செஸ்டர் நம்பகமானது அல்ல என்கிறார்களே?

1956இல் வந்தபோது, வழக்கமான நீள ஆக்‌ஷனில் பழைய பிரிட்டிஷ் நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்களின் பலம் என்று சொல்லி விற்கப்பட்டது. 2.5 அங்குல உறைக்குள் அந்த வேகத்துக்கான மருந்தை அழுத்தி அடைக்க வேண்டியிருந்தது. அப்படி அழுத்தப்பட்ட மருந்து நாள்பட்டால் கட்டிபிடித்து, சரியாக எரியாமல் போன தோட்டாக்கள் இருந்தன. 2,100 அடிக்கு மேல் என்று அறிவிக்கப்பட்ட வேகமும் பல ரைஃபிள்களில் அதைவிடக் குறைவாகவே வந்தது. இன்றைய மருந்துகளோடு வரும் தோட்டாக்களில் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் பெயர் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

1959இல் மொசாம்பிக்கில் எருமையால் காயமடைந்த அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் லாட், பின்னர் உறையை 2.8 அங்குலத்துக்கு நீட்டி .458 லாட்டை உருவாக்கினார். 500 கிரெயின் குண்டு 2,300 அடி வேகத்தில், அழுத்தி அடைக்காமலே போகிறது. .375 ஹாலண்ட் நீள ஆக்‌ஷன் உங்களிடம் இருந்தால் லாட்டைச் செய்யாமல் வின்செஸ்டரைச் செய்வதற்குக் காரணமே இல்லை. லாட் அறையில் வின்செஸ்டர் தோட்டாவையும் சுடலாம் என்பது கூடுதல் வசதி. பயிற்சிக்கு அதைப் பயன்படுத்துவோர் பலர். மறுதலையாகச் செய்ய முடியாது.

கிளா எக்ஸ்ட்ராக்டர் இல்லாவிட்டால் பெரிய ரைஃபிளே செய்யக் கூடாதா?

இது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட விதி. ஆனாலும் நான் அதைப் பின்பற்றுவேன். கிளா எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் மவுசர் பாணி அகலக் கொக்கி, தோட்டா மேகசினிலிருந்து எழும்பும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்து வெளியேறும். அத்தகைய கொக்கி இல்லாத வகையில் அந்தத் தோட்டா அறைக்குள்ளேயே நிற்க, இரண்டாவது தோட்டா அதன் முதுகில் மோதும். எருமை இருபது கெஜத்தில் இருக்கும்போது இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு.

கட்டை, எடை, குழல் நீளம் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

குழல் 22 முதல் 24 அங்குலம். மொத்த எடை .375க்கு ஒன்பது பவுண்டை ஒட்டி, .416க்கும் .458க்கும் பத்து முதல் பத்தரை. மலையேற இலேசாக இருக்கட்டும் என்று எட்டுப் பவுண்டில் .416 கேட்பவர்கள் உண்டு; அவர்களுக்கு மேலே உதை பற்றிச் சொன்னதைத் திரும்பக் காட்டுவேன்.

கட்டையில் மரத்தின் அழகுக்கு முன்னால் நார் ஓட்டத்தைப் பாருங்கள். கைப்பிடிப் பகுதியில் நார் நேராக ஓட வேண்டும். அலையலையான கோலம் பின்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். பெரிய உதையில் கட்டை விரியத் தொடங்குவது ஆக்‌ஷனின் வால்முனைக்குப் பின்னால்தான். அங்கே உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டி உட்கார்ந்திருந்தால் சில பெட்டித் தோட்டாக்களிலேயே விரிசல் வரும். மேகசினுக்கு முன்னும் பின்னும் குறுக்கு ஆணிகள், குழலின் கீழே உதையைக் கட்டைக்குக் கடத்தும் இரண்டாவது தாங்குமுனை, வார் வளையம் கட்டையில் இல்லாமல் குழலில் இருப்பது ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளையம் கட்டையில் இருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்கையின் விரலைக் கிழிக்கும்.

குழல் முனையில் பிரேக் போடுவது உதையைக் கண்கூடாகக் குறைக்கும்; ஆனால் வாயு பக்கவாட்டில் அறைவதால் அருகில் நிற்கும் தடம் பார்ப்பவரின் காதுதான் முதலில் போகிறது. வேட்டை வழிகாட்டிகள் பலர் அதைக் கழற்றச் சொல்வார்கள்.

தொலைநோக்கி பொருத்தலாமா, இரும்புக் குறிகள் போதுமா?

இரண்டும் வேண்டும். ஒன்றில் தொடங்கி நான்கு அல்லது ஆறு மடங்கு வரை போகும் சிறிய தொலைநோக்கி, கருவி இல்லாமல் கழற்றக்கூடிய பிடிகளோடு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி தருவதாக இருக்கட்டும்; குறைந்தால் புருவத்தில் அரைவட்டத் தழும்பு உறுதி. இரும்புக் குறிகள் அலங்காரம் அல்ல. நீங்கள் பயன்படுத்தும் தோட்டாவோடு ஐம்பது கெஜத்தில் சுட்டு அரம் போட்டுச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

இரட்டைக்குழல் .470 செய்துகொண்டால் என்ன?

இரண்டாவது குண்டு உடனே கிடைக்கும், அடர்ந்த புதரில் அதைவிட வேகமான கருவி இல்லை. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 500 கிரெயின் குண்டை 2,150 அடி வேகத்தில் செலுத்துகிறது. ஆனால் இரு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு இணைக்கப்படுபவை. தோட்டாவை மாற்றினால் இரு குழல்களும் இரு இடத்தில் அடிக்கும். விலையோ நல்ல போல்ட் ரைஃபிளைப் போலப் பல மடங்கு.

.465, .470, .475 என்று ஏன் இத்தனை எண்கள் என்றும் கேட்கிறார்கள். கலகக்காரர்கள் கையிலிருந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்ற பயத்தில், 1907இல் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 காலிபரைத் தடை செய்தது. அந்தத் தடையைச் சுற்றிப் போவதற்காக லண்டன் நிறுவனங்கள் சில புள்ளிகள் தள்ளித் தள்ளித் தோட்டாக்களை அமைத்தன. புலியும் எருமையும் கேட்டு வந்த எண்கள் அல்ல அவை.

.460 வெதர்பி, .505 கிப்ஸ், .500 ஜெஃப்ரி யாருக்கு?

காயம்பட்ட யானையைப் புதருக்குள் தேடிப்போவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு, அதுவும் அவர்களில் சிலருக்கு. .460 வெதர்பி 500 கிரெயின் குண்டை 2,600 அடி வேகத்தில் தள்ளும். பத்தரைப் பவுண்டு ரைஃபிளில் உதை 100 அடி-பவுண்டை நெருங்கும். விருந்தாளி வேட்டைக்காரருக்கு இது தேவைப்படும் சூழலில், அருகில் இருக்கும் வழிகாட்டியின் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.

எனக்கென்று தனித் தோட்டாவே வடிவமைத்துக்கொள்ள ஆசை. தவறா?

தவறில்லை, ஆனால் விமானத்தில் ஏறும் முன் யோசியுங்கள். பொதுவாகப் பயணி ஒருவர் ஐந்து கிலோ தோட்டாவுக்கு மேல் எடுத்துச்செல்ல முடியாது. அந்தப் பெட்டி ரைஃபிளோடு சேர்ந்து வராமல் போவதும் உண்டு. .375 ஹாலண்ட் வைத்திருப்பவர் வழிகாட்டியிடமே ஒரு பெட்டி கடன் வாங்கிக்கொள்வார். உங்கள் தோட்டா உலகில் உங்கள் வீட்டு மேசையில் மட்டுமே இருக்கும். உறையின் அடியில் பொறித்த பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியும் வரலாம்.

ரைஃபிள் தயாராகிவிட்டது என்கிறார் செய்தவர். எதைச் சோதித்துவிட்டு ஏற்றுக்கொள்வது?

நேராகச் சுடுகிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நூறு கெஜத்தில் குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் இந்த வேலைக்குத் தாராளம். முதலில் பார்க்க வேண்டியது தோட்டா மேகசினிலிருந்து அறைக்குள் தடையின்றிப் போகிறதா என்பதை. மருந்தில்லாத போலித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, போல்ட்டை மெதுவாக, வேகமாக, ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகப் பிடித்து என்று எல்லா வகையிலும் இயக்குங்கள். கூர்முனை, உருண்டை முனை, தட்டை முனை மூன்றிலும் செய்யுங்கள். தட்டை முனைத் திடக்குண்டுதான் பெரும்பாலும் அறையின் வாயில் தட்டி நிற்கும்.

பிறகு மேகசினை நிரப்பி மேல் தோட்டாவைச் சுட்டுவிட்டு, கீழே இருப்பவற்றை எடுத்துப் பாருங்கள். உதையில் அவற்றின் குண்டுகள் உறைக்குள் இறங்கியிருக்கக் கூடாது, முனை நசுங்கியிருக்கக் கூடாது, மேகசினின் அடித்தட்டு தானாகத் திறந்து தோட்டாக்களைத் தரையில் கொட்டியிருக்கக் கூடாது. விரியும் குண்டும் திடக்குண்டும் ஐம்பது கெஜத்தில் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்று கடைசியாகப் பாருங்கள்; மூன்று அங்குலத்துக்கு மேல் விலகினால் வேறு குண்டு மாற்றிச் சுட்டுப் பார்க்கச் சொல்லி, மீதிப் பணத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள்.